அடிவயிற்று வலியும் அறுக்கப்பட்ட கர்ப்பப்பைகளும்

உழைக்கும் பெண்ணின் அடிவயிற்று வலிக்கு இந்தச் சமூகம் இரண்டு பதில்களைத்தான் வைத்திருக்கிறது. ஒன்று, பொறுத்துக்கொள். இல்லையென்றால், கர்ப்பப்பையை எடுத்துவிடு. இரண்டுக்கும் நடுவில் நடந்திருக்க வேண்டியது பரிசோதனை. அதுதான் நம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் இரண்டு மாவட்டங்கள் இதற்குச் சாட்சி.

முதலாவது கட்சிரோலி. மருத்துவர் ராணி பங்கும் அவரது குழுவினரும் அங்கே இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 1989-இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாயின. 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் அல்லது பாலியல் நோய் இருந்தது. அதற்கு முன்பு மகளிர் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பீட். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களில் தலித்துகளும் நாடோடிச் சாதியினரும் ஏராளம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கூலிக் கணக்கு. முன்பணம் கையில் வாங்கிய கடன். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். வயலோரக் கூடாரத்தில் கழிப்பறையும் இல்லை, போதிய தண்ணீரும் இல்லை. மாதவிலக்கு நாளிலும் கட்டுச் சுமக்க வேண்டும். வலி என்று போனவர்களுக்குத் தனியார் மருத்துவமனைகள் அறுவைசிகிச்சையைத்தான் காட்டின. 2019-இல் மாநில அரசு அமைத்த குழு 82,309 பெண்களிடம் விசாரித்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. நூற்றுக்குப் பதினேழு பேர்!

பீட் மட்டுமல்ல. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் உச்சநீதிமன்றம் போனார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். அரசுக் காப்பீட்டுப் பணம் சில மருத்துவமனைகளுக்கு வருமானமாகியிருந்தது. 2023 ஏப்ரல் 5 அன்று வந்த தீர்ப்பு, ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? அடிவயிற்று வலி என்பது ஒரே நோயல்ல. கர்ப்பப்பை, கருக்குழாயில் கிருமித் தொற்று, நார்க்கட்டி, சினைப்பை நீர்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், சிறுநீர்த் தொற்று, குடல் கோளாறு, குடல்வால் அழற்சி, தசை வலி என்று எதுவாகவும் இருக்கலாம். பல தொற்றுகளுக்கு மாத்திரையே போதும். சிலவற்றுக்கு அறுவைசிகிச்சை தேவைதான். எது என்று பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, மாதவிலக்கில் வேலைக்கே போக முடியாத வலி, உடலுறவில் வலி, நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்றபின் இரத்தம் படுதல் ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீரென்று கடுமையான வலியோ மயக்கமோ வந்தால், கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு வலி, நிற்காத வாந்தி, மணிக்கொரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் கேளுங்கள்: என்ன நோய்? எந்தப் பரிசோதனையில் தெரிந்தது? வேறு சிகிச்சை உண்டா? சினைப்பையையும் எடுப்பீர்களா? அவசரம் இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. அது நம் உரிமை. பீட் பெண்களுக்கு அந்த உரிமை இருப்பதை யாரும் சொல்லவில்லை.