சுருளிவில்லும் சக்திக் காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

உயர்தர வகுப்புப் பௌதிக ஆய்வுகூடங்களில் நிகழும் பரிசோதனைகளுள் மிக எளியதெனக் கருதப்படுவது சுருளிவிற் பரிசோதனையாகும். தாங்கியொன்றிலே வில்லைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் நிறைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, நீட்சியை அளவுகோலில் வாசித்து வரைபுத்தாளிற் குறித்தால் நேர்கோடொன்று கிடைக்கும். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும் இவ்வேலையின் பின்னே ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுக்காலக் கருத்துப்போர் ஒன்று மறைந்து கிடக்கின்றது. கலைப்பீட மாணவர் பௌதிகத்தைப் பற்றி எழுதுவதேன் என வினவுவோர்க்கு, அப்போர் வரலாற்று மாணவர்க்கும் உரியது என்பதே விடை.

இப்பரிசோதனையில் ஒரு கணக்கு இடிக்கின்றது. 200 கிராம் நிறையைத் தொங்கவிட, வில் 10 சதமமீற்றர் நீண்டு நிற்கின்றதெனக் கொள்வோம். நிறை கீழிறங்கியதால் இழந்த அழுத்தசக்தி ஏறத்தாழ 0.2 யூல். வில்லிலே சேர்ந்த சக்தியோ 0.1 யூல் மாத்திரமே. வில்லின் விசை பூச்சியத்திலிருந்து படிப்படியாக ஏறுவதனால், அதன் சராசரி இறுதி விசையின் அரைப்பங்காகின்றது. அவ்வாறாயின் மற்றை அரைப்பங்கு எங்கே? நிறையைக் கையால் மெல்லத் தாங்கி இறக்கியிருந்தால், அது கைக்குச் சென்றது. கையை எடுத்துவிட்டிருந்தாலோ, நிறை மேலுங்கீழும் பலமுறை அலைந்து ஓய்கின்றது, அவ்வோய்வோடு 0.1 யூல் கண்ணுக்குப் புலப்படாமற் போய்விடுகின்றது. இதனைப் 'பரிசோதனை வழு' என எழுதிக் கொப்பியை மூடிவிடுவது எளிது. அந்த அரைப்பங்கை வழுவென்று தள்ள மறுத்தவர்களின் வரலாறே சக்திக் காப்பின் வரலாறு என்பது எமது துணிபு.

வில்லின் விதியைக் கண்டவர் றொபேட் ஹூக். இலண்டன் றோயல் சங்கத்தின் பரிசோதனைப் பொறுப்பாளராக 1662 இல் நியமனம் பெற்ற இவர், 1676 இல் தமது நூலொன்றின் இறுதியில் 14 இலத்தீன் எழுத்துக்களை அகரவரிசைப்படி அடுக்கிப் புதிர்போல வெளியிட்டார். நீட்சிக்கு விசை விகிதசமமானது என்னும் விதி அவ்வெழுத்துக்களுள் ஒளிந்திருந்ததை 1678 இல் வேறொரு நூலில் அவரே விடுவித்தார். விதியைக் காணவும் வேண்டும், பிறர் அதனால் இலாபமடையவுங் கூடாது! வில்லினால் இயங்கும் கடிகாரத்தின் உரிமை பற்றி ஒல்லாந்தரான ஹைகன்ஸுடன் அவர் பிணங்கிய காலம் அது என்பதை நோக்குமிடத்து, இவ்வொளிப்பின் காரணம் விளங்கும். வணிகமும் விஞ்ஞானமும் அக்காலத்திலும் தனித்தனி வீடுகளில் வாழவில்லை.

ஆயினும் அந்நூலின் சிறப்பு விதியோடு முடிந்துவிடவில்லை. வில் மீளும்போது ஒவ்வொரு படியிலும் அது செலுத்தும் வலுக்களையெல்லாம் கூட்டி, அத்தொகையை ஹூக் முக்கோணப் பரப்பொன்றாகக் காட்டினார். அத்தொகை நீட்சியின் வர்க்கத்துக்கும், பிறக்கும் வேகம் அத்தொகையின் வர்க்கமூலத்துக்கும் விகிதசமமானவை என்றுங் கூறினார். இன்று மாணவர் வரைபின் கீழுள்ள பரப்பை அளந்து சக்தியைக் காணும் முறையின் கரு இங்கேயே உள்ளது. ஆனால் அவர் வேண்டியது கடிகாரத்துக்கான சான்று: அலைவு சிறிதாயினும் பெரிதாயினும் எடுக்கும் காலம் ஒன்றே என்பதனை நிறுவியதும் அவர் அமைந்துவிட்டார். கையிலிருந்த பொருளுக்குப் பெயரில்லாதவிடத்து, அதனைப் பொருளென்று கண்டுகொள்வதும் அரிதாகின்றது.

1686 இல் லைப்னிற்ஸ் இவ்வினாவை வேறுவழியால் எழுப்பினார். உலகில் மாறாதிருப்பது திணிவும் வேகமும் பெருக்கிய தொகையே என்று டேக்காட் கூறியிருந்ததை மறுத்து, வேகத்தின் வர்க்கத்தையே பெருக்கவேண்டுமென அவர் வாதிட்டார். நெடுங்காலம் நடந்த இவ்வழக்கிற்கு ஒரு பரிசோதனையைத் தந்தவர் லெய்டன் நகரப் பேராசிரியர் கிராவசாந்தே. ஒரே பருமனும் 1, 2, 3 என்ற விகிதத்தில் நிறையுங் கொண்ட பித்தளைக் குண்டுகளை, நிறை கூடியதற்கு உயரங் குறையுமாறு வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்களிமண்ணிலே அவர் விழவிட்டார். பள்ளங்கள் சமமாயிருந்தன. நியூற்றனைப் பின்பற்றிய இவர், 1722 இல் லைப்னிற்ஸின் அளவையே சரியென ஏற்றுக்கொண்டார். தம் கட்சிக்கு மாறான விடையைத் தம் கையாலேயே பெற்று ஏற்பவர் எக்காலத்தும் சிலரே. பிரான்சில் எமிலி து சாத்தலே 1740 இல் வெளியிட்ட பௌதிக நூலில் இவ்வளவைக்காக வாதாடினார்.

எனினும் களிமண்ணில் விழுந்த குண்டு நின்றுவிடுகின்றதே! அதன் வலு எங்கே சென்றது? பெருங்காசைச் சில்லறையாக மாற்றினாற்போல அது பொருளின் நுண்பகுதிகளுக்குப் பகிரப்பட்டுவிட்டது என லைப்னிற்ஸ் முன்னரே விடை கூறியிருந்தார். கூற்று அழகியது, ஆனால் அச்சில்லறையை எண்ணிக் காட்டியவர் எவருமிலர்.

எண்ணும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. இதற்கிடையில் 1807 இல் வெளிவந்த தோமஸ் யங்கின் விரிவுரைகளில் ஆங்கிலப் பெயர் நிலைபெற்றது. (அதனையே நாம் சக்தி என்கிறோம், தமிழகத்தார் ஆற்றல் என்கின்றனர்.) ஜேர்மன் வைத்தியரான மேயர் 1842 இலும், ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1847 இலும் காப்பு விதியை வெளியிட்டனர். மேயரின் முதற் கட்டுரையும் ஹெல்ம்ஹோல்ற்ஸின் கட்டுரையும் ஒரே சஞ்சிகையில் இடம்பெறாமற் போனமை குறிப்பிடத்தக்கது. மதுவடிப்பவரின் மகனான ஜேம்ஸ் யூல், நிறைகள் இறங்கும்போது நீருள் துடுப்புக்கள் சுழலுமாறு அமைத்தார். ஐந்தடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து 20 முறை நிறைகளை இறக்கியும், நீரில் ஏறிய சூடு பரனைற்று அளவில் ஏறத்தாழ அரைப் பாகையே. 1850 இல் அவர் தந்த முடிவு, ஓர் இறாத்தல் நீரை ஒரு பாகை சூடாக்க 772 அடி-இறாத்தல் வேலை வேண்டும் என்பதாகும். இதனோடு ஒப்பிட்டால் எமது 0.1 யூல், ஒரு கிராம் நீரையே ஒரு பாகை செல்சியசில் ஏறத்தாழ நாற்பதிலொரு பங்குதான் சூடாக்கும். பாடசாலை வெப்பமானி அதனைக் காட்டாது. ஹூக்கின் காலத்தவர் அதனைக் காணாததில் வியப்புமில்லை.

பரிசோதனை மாணவர் கைக்கு வந்தது பின்னராகும். 1880களில் ஹாவாட் பல்கலைக்கழகம் தன் அனுமதிக்கெனப் பாடசாலைப் பரிசோதனைகள் நாற்பதைப் பட்டியலிட்டது. அத்தகைய பட்டியல்களின் வழியே பரிசோதனை தேடலாகவன்றி, விடை தெரிந்த விதியைச் சரிபார்க்கும் பயிற்சியாக நிலைத்தது. வாசிப்புக்கும் சராசரிக்கும் வழுவுக்கும் நிரல்கள் உள்ளன; காணாமற் போன அரைப்பங்குக்கு நிரலில்லை. அதற்குப் புதிய கருவியும் வேண்டியதில்லை. அதே 200 கிராமை வில்லின் நீளாத நிலையிலிருந்து சட்டென விட்டு, அது தொடும் மிகத் தாழ்ந்த புள்ளியை அளவுகோலில் வாசித்தாற் போதும். அது ஏறத்தாழ 20 சதமமீற்றரில் இருக்கும். அக்கணத்தில் நிறை இழந்தது 0.4 யூல், வில்லில் இருப்பதும் 0.4 யூல். பின்னர் நிறை 10 சதமமீற்றரில் ஓய்ந்து நிற்கும்வரை காத்திருந்து, அதே கணக்கை மீண்டும் எழுதுமாறு மாணவரைக் கேட்கலாம்.