லைப்சிக் பல்கலைக்கழக ஆலயம்: ஓர் அழிவும் அதன் படிப்பினையும்

தமிழகத்து லுத்தரன் திருச்சபையார்க்கு லைப்சிக் என்னும் பெயர் புதியதன்று. தரங்கம்பாடியில் தொடங்கிய அருட்பணியை 19ஆம் நூற்றாண்டில் ஏற்று நடத்தியது லைப்சிக் மிஷனே. அதன் இயக்குநராயிருந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். அந்நகரின் பல்கலைக்கழகம் 1968இல் தன் வளாகத்தைப் புதிதாய் அமைக்கும்பொருட்டுத் தன் சொந்த ஆலயத்தையே தகர்த்தது. அவ்வரலாறு இறையியல் மாணவர் யாவரும் அறியத்தக்கது.

லைப்சிக் பல்கலைக்கழகம் 1409இல் நிறுவப்பெற்றது. தூய பவுல் ஆலயமோ அதனினும் மூத்தது. தொமினிக்கத் துறவியரின் மடாலயமாக எழுந்து, 1240இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சீர்திருத்தத்தின்பின் மடம் கலைக்கப்பட, 1543இல் சாக்சனிக் கோமகன் மோரிட்ஸ் அதனைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். 1545 ஆகஸ்ட் 12ஆம் நாள் மார்ட்டின் லுத்தரே அங்கு அருளுரையாற்றி, அதனைச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயமாகப் பிரதிஷ்டை செய்தார். 1727இல் பாக் தாம் இயற்றிய இரங்கற்பாவை அங்கு இசைப்பித்தார். 1847இல் மெண்டல்சோனின் அடக்க ஆராதனையும் அங்கேயே நடைபெற்றது.

1943 டிசம்பர் குண்டுவீச்சில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. இவ்வாலயம் பெருஞ்சேதமின்றித் தப்பியது. தங்கள் ஆலயத்தை இழந்த கத்தோலிக்கரும் போருக்குப்பின் இதிலேயே வழிபட்டனர். ஆகவே, இடிந்த கட்டடம் என்றோ, ஆராதிப்பாரற்ற கட்டடம் என்றோ இதனை ஒதுக்குவதற்கு இடமிருந்ததில்லை. ஆயினும், நகரின் நடுச்சதுக்கத்தைச் சமதர்ம நகரமையமாக்க விரும்பிய கிழக்கு ஜெர்மானிய அரசின் திட்டத்தில் ஆலயத்திற்கு இடமில்லை. அப்போது கார்ல் மார்க்ஸ் பல்கலைக்கழகம் எனப் பெயர்தாங்கிய அக்கல்விக்கழகத்தின் ஆட்சிமன்றமும் அத்திட்டத்திற்கு இசைந்தது. இறையியல் புலத்தின் தலைவரோ இசையவில்லை. 1968 மே 23 அன்று நகர மன்றம் கூடியபோது எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே. அதனை அளித்தவர் ஒரு போதகர். அந்நாள் பரமேறுதல் திருநாளாகும். ஆலயத்தின் இறுதி ஆராதனைகளும் அன்றே நிகழ்ந்தன. ஒரு வாரத்திற்குள் பழைய பீடமும் நினைவுக்கற்கள் சிலவும் விரைந்து அகற்றப்பட்டன. மே 30 காலை பத்து மணிக்கு வெடிமருந்தினால் ஆலயம் வீழ்த்தப்பட்டது.

மக்கள் மௌனமாயிருந்தனர் எனக் கருதற்க. ஜூன் 20 அன்று, பாக் இசைப்போட்டி நடந்த மண்டபத்தின் மேடையில், கடிகாரப் பொறியொன்றினால் தானே விரிந்த திரைச்சீலை ஆலயத்தின் உருவைக் காட்டி, அதனை மீண்டும் கட்டுமாறு கோரியது. அச்செயலில் தொடர்புடைய இயற்பியல் அறிஞர் ஒருவர் பின்னர்ச் சிறைவாசம் அனுபவித்தார். ஆலயமிருந்த இடத்தில் எழுந்த கல்விக் கட்டடத்தின் முகப்பை மார்க்சின் பெரிய வெண்கலப் புடைப்புச் சிற்பம் அணிசெய்தது. அதுவும் 2006இல் அகற்றப்பட்டது. 2017 டிசம்பரில் அதே இடத்தில் பேரவை மண்டபமும் பல்கலைக்கழக ஆலயமும் ஒன்றாயமைந்த பவுலினும் திறக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பழைய பீடம் அங்கு மீண்டும் நிறுவப்பட்டது. ஆயினும் பீடம் நிற்கும் பகுதியை மண்டபத்தினின்று கண்ணாடிச் சுவர் பிரிக்கிறது. அக்கட்டடம் மண்டபமா ஆலயமா என்னும் வழக்கும் நெடுங்காலம் நீடித்தது.

இதில் நாம் கருதவேண்டுவது யாது? அரசின் வன்மையை மட்டும் குறைகூறி அமைதல் போதாது. 1543இல் பல்கலைக்கழகம் பெற்றது வெறும் நிலமன்று. முன்னோர் ஒப்புவித்த பொறுப்பு. நான்கு நூற்றாண்டுக்கு மேலாக அதனைக் காத்த நிறுவனமே, அதிகாரத்தின் கட்டளை வந்தபோது, காப்பாளன் என்னும் நிலையினின்று வழுவிற்று. நம் திருச்சபைகளும் கல்லூரிகளும் முன்னோர் விட்டுச்சென்ற வளாகங்களை உடையன. அவற்றில் எதனை இடிப்பது, எதனைக் கட்டுவது என்னும் தீர்மானம் கணக்கரும் பொறியாளரும் மட்டுமே தீர்க்கத்தக்கதன்று. அது உக்கிராணத்துவத்தைப் பற்றிய இறையியல் வினாவாகும். பழையது யாவும் நிலைக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால், ஆலோசனை மன்றத்தில் அவ்வினாவை எழுப்புதற்கு ஒருவராவது இருத்தல் வேண்டும். லைப்சிக்கில் அந்த ஒருவரின் வாக்கு ஆலயத்தைக் காக்கவில்லை. எனினும், அவ்வழிவு எல்லாரும் ஒருமனதாய் இசைந்து செய்தது என வரலாறு எழுதவொட்டாமல் தடுத்தது.