நாவலப்பிட்டி: இருப்புப்பாதை ஈன்ற ஊர்

கண்டிக்கு அரசர் இருந்தனர். கம்பளைக்கும் ஒரு காலத்தில் அரசர் இருந்தனர். நாவலப்பிட்டிக்கோ அரசருமில்லை, கோட்டையுமில்லை. மகாவலி கங்கைக் கரையிலே, மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் இச்சிறு நகரைப் பட்டினமாக்கியது புகையிரதமே.

கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1867 ஆம் ஆண்டில் கண்டியை எட்டியது. அதை அமைத்தது மக்கள் பிரயாணம் செய்வதற்கென்று எண்ணுதல் தவறு. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுபோவதே அதன் முதல் நோக்கம். அதற்கு முன்னர் மாட்டுவண்டிகளே கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்குச் சுமந்தன. மழைக்காலத்தில் சக்கரங்கள் சேற்றில் புதைய, மாடுகள் நோயுற்று மடிய, தோட்டத்துரைமார் கூலியையும் காலத்தையும் எண்ணிக் கலங்கினர். ஆகவே, திக்கோயா, டிம்புள்ள முதலிய இடங்களில் புதிய தோட்டங்கள் பெருகியபோது, பேராதனையிலிருந்து பாதையைத் தெற்கே நீட்டுமாறு அவர்கள் வற்புறுத்தினர். 1873 இல் கம்பளைக்கும், தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1874 இல் நாவலப்பிட்டிக்கும் இரும்புத் தண்டவாளம் வந்தது.

அதன் பின் பத்து ஆண்டுகள் பாதை அங்கேயே நின்றுவிட்டது. இந்தப் பத்து ஆண்டுகளே ஊரை உருவாக்கின. மேலே மலையிலிருந்து வண்டிகள் கோப்பியோடு இறங்கும். கீழேயிருந்து புகையிரதம் அரிசி, உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றோடு ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்திலே பண்டசாலைகள் எழுந்தன, வண்டிப்பேட்டைகள் தோன்றின, செட்டிமார், முஸ்லிம் வணிகர், கரைநாட்டுச் சிங்கள வியாபாரிகள் ஆகியோர் கடை வைத்தனர். தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாருடன் வந்த தொழிலாளரும் இவ்வழியாகவே மேற்கு மலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். வண்டி வரையில் புகையிரதம், அதற்கப்பால் கால்நடை. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக அவர்கள் ஏறிய ஏற்றம் எத்தகையதென்பதை, இன்று கினிகத்தேனை வழியே பஸ்ஸில் போகிறவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

மிஷன் பாடசாலையில் நான் படித்த சரித்திரப் புத்தகத்தில் தேசாதிபதிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பரீட்சைக்காக அவற்றை மனனஞ் செய்தேன். கற்பாறையைப் பிளந்தவனும் மண் சுமந்தவளும் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆசிரியர்மீது எனக்குக் குறையில்லை; புத்தகத்தின்மீது உண்டு.

இதனிடையே கோப்பிக்குக் கேடு வந்தது. 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் தென்பட்ட இலைநோய் தோட்டந் தோட்டமாகப் பரவியது. முதலில் அதைப் பொருட்படுத்தாத துரைமார், மேலும் மேலும் காடழித்துக் கோப்பி நட்டனர். விளைச்சல் வீழ்ந்தது, கடன் மிஞ்சியது. 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில், தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் வங்கி கதவடைத்தது. தேசாதிபதி ஆதர் கோடன் அதன் நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்பேற்றமையால் நாட்டில் பெருங்குழப்பம் தவிர்ந்தது. அதே 1884 இல் பாதை ஹட்டனை அடைந்தது. அடுத்த ஆண்டு நானுஓயாவுக்குச் சென்றது.

இரண்டு அடிகளும் ஒரே ஆண்டில் விழுந்தன. கோப்பியும் போயிற்று, பாதையின் முனை என்ற பெருமையும் போயிற்று. இத்தகைய ஊர்கள் பல, பாதை அப்பால் சென்றதும் வாடி விடும். நாவலப்பிட்டி வாடவில்லை. அதற்குக் காரணம் மலைதான்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஹட்டனோ ஏறத்தாழ 4,100 அடி. இடையிலுள்ள தூரம் இருபது மைல் அளவே. இங்குருஓயா, கலபொட, வட்டவளை, ரொசல்ல என்று பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓரடி உயர்வு என்னும் அளவுக்குச் சரிவு; அத்துடன் அகலமான ஐந்தரை அடிப் பாதையில் நெருக்கமான வளைவுகள். ஒரே எஞ்சின் பாரம் முழுவதையும் இழுத்தேறுதல் அரிது. ஆகவே, ஏற்றத்தின் அடிவாரமான நாவலப்பிட்டியில் எஞ்சின் கொட்டகை அமைந்தது. தண்ணீரும் நிலக்கரியும் ஏற்றப்பட்டன. பின்னிருந்து தள்ளுவதற்கு இன்னோர் எஞ்சினும் இணைக்கப்பட்டது. சாரதிகள், தீயெரிப்போர், பாதை பராமரிப்போர் ஆகியோர் குடும்பங்களுடன் இங்கு தங்கினர். நிலைய அதிபராகவும் எழுதுவினைஞராகவும் யாழ்ப்பாணத்தார் பலர் வந்தனர். கோப்பி இருந்த மலைகளில் தேயிலை தளிர்த்தபோது, அதைச் சுமந்து இறங்கிய வண்டிகளும் இங்கே நின்றே சென்றன. 1873 இல் இலங்கையிலிருந்து இலண்டனுக்குப் போன தேயிலை 23 இறாத்தல் மட்டுமே என்பதை எண்ணினால், அடுத்த இருபது ஆண்டுகளின் மாற்றம் விளங்கும்.

தேயிலை மட்டுமா இறங்கியது? 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகியோர் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அதன்படி சென்றவர்களை மலையிலிருந்து கொண்டுவந்ததும் இதே பாதைதான். மலையகத்தார் புகையிரதத்தைக் கோச்சி என்பர். ஹட்டன் பக்கத்திலிருந்து இறங்கிய கோச்சிகள் நாவலப்பிட்டியைக் கடந்து, பொல்காவலையில் வடக்குப் பாதையோடு சேரும். அங்கிருந்து தலைமன்னார், பின்பு கப்பல். பாட்டன் நடந்து ஏறிய மலையிலிருந்து பேரன் கோச்சியில் இறங்கினான். ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் மேடையில் நின்று அழுதவர்களுள் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.