தாய்மடியே முதற் பள்ளி
(மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பணி: ஒரு வரலாற்றுப் பார்வை)



யூபிலி என்ற சொல்லைக் கேட்டதும் கொடியும் தேரும் வாணவேடிக்கையும் நம் கண்முன் வருகின்றன. ஆனால், பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலில் ஐம்பதாம் ஆண்டின் எக்காளம் எதற்காக ஊதப்பட்டது? இழந்த நிலம் உரியவனிடம் திரும்பவும், பிரிந்தவன் தன் குடும்பத்தாரிடம் திரும்பவுமே ஊதப்பட்டது. வீடு திரும்புதலே யூபிலியின் உட்பொருள்.

இப் பொன்விழா மலரில் கோவில் கட்டப்பட்ட வரலாற்றையும், இங்கே பணியாற்றிய குருக்கள், கன்னியர் வரலாற்றையும் பிறர் எழுதுகின்றனர். நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். நம் திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்களுள் சில, பின்னர் மறைக்கல்வி வகுப்புப் பட்டியலில் காணப்படுவதில்லை. அக் குழந்தைகள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள். காது கேளாத குழந்தை, கழுத்து நிற்காத குழந்தை, அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தை. இவர்களுக்கு உலகம் எப்படி உதவக் கற்றுக்கொண்டது என்பதே நம் பொருள்.

ஒரு தந்தையிடம் கேட்ட கேள்வி

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பினால் துன்புற்ற மகனை ஒரு தந்தை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார். ஆண்டவர் அவரிடம் கேட்ட கேள்வி, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதே. சிறு வயதுமுதல் என்று தந்தை பதில் சொல்கிறார். பிள்ளையின் வரலாற்றை அறிந்தவர் பெற்றவரே என்பதை ஆண்டவர் மதித்தார்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்திலோ சீடர் வேறு கேள்வி கேட்கின்றனர்: பிறவியிலேயே பார்வையற்றவனாய் இருப்பதற்குப் பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா? இருவருமல்லர் என்று ஆண்டவர் திட்டமாக மறுத்துவிட்டார். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும், “என்ன பாவம் செய்தாளோ” என்று ஒரு தாயைப் பார்த்துக் கேட்கும் நாக்குகள் நம்மிடையே ஓயவில்லை. ஆண்டவர் தள்ளிய கேள்வியை நாம் ஏன் பொறுக்கியெடுத்து வைத்திருக்கிறோம்?

துறவு மடத்தில் பிறந்த பணி

காது கேளாதோருக்குக் கல்வி புகட்ட முடியாது என்று அறிஞரும் நம்பிய காலம் ஒன்றுண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் ஓஞா மடத்தில் வாழ்ந்த பெனடிக்டின் சபைத் துறவி பேத்ரோ போன்சே தெ லெயோன், உயர்குடி ஒன்றின் காது கேளாத பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் பேசவும் கற்பித்து, அந் நம்பிக்கையைப் பொய்யாக்கினார். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் குருவானவர் லெப்பே, காது கேளாத சகோதரியர் இருவரைச் சந்தித்தார். அவர்களுக்காகத் தொடங்கிய பணி, ஏழைப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி தரும் பள்ளியாக வளர்ந்தது. 1789இல் அவர் இறந்தபின் அரசே அதை ஏற்று நடத்தியது.

அப் பள்ளியின் மருத்துவராய் இருந்தவர் இத்தார். காட்டில் தனியே திரிந்த ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் 1800இல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டான். விக்தோர் என்று பெயரிடப்பட்ட அவனுக்கு இத்தார் சுமார் ஐந்து ஆண்டுகள் பாடுபட்டுக் கற்பித்தார். சில எழுத்துக்களையும் சொற்களையும் அவன் அறிந்தான். பேச்சு மட்டும் வரவேயில்லை. காரணத்தை அறிஞர் இன்றும் வாதிக்கின்றனர். எனினும், சில வாசல்கள் சிறு வயதிலேதான் அகலத் திறந்திருக்கும் என்ற எண்ணத்தை இந் நிகழ்ச்சி உலகில் விதைத்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டதும் இதையன்றோ?

இத்தாரின் மாணவர் செகேன், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே பாடமுறை வகுத்தார். இவ்விருவரின் நூல்களையும் கற்றுத் தேர்ந்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மொந்தேசோரி. 1900இல் உரோமையில் அத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்துக் கண்ட உண்மைகளை, 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் தாம் திறந்த குழந்தைகள் இல்லத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுத்தினார். 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். இன்று நம் நகரங்களில் பணம் கொடுத்துச் சேர்க்கும் மொந்தேசோரிப் பள்ளிகளின் வேர், உலகம் ஒதுக்கிய குழந்தைகளின் வகுப்பறையில் இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவர்?

நம் நாட்டின் விடுதிப் பள்ளிகள்

இந்தியாவில் காது கேளாதோருக்கான முதற் பள்ளியை 1880களின் நடுவில் பம்பாயில் நிறுவியவர் கத்தோலிக்க ஆயர் லியோ மெயரின். 1890களில் பாளையங்கோட்டையில் ஆங்கிலிக்க மிஷனெரிகளான சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும், ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும் பணி தொடங்கினர். பின்னர் நம் துறவற சபைகளும் பல பள்ளிகளைக் கண்டன. எத்தனையோ பிள்ளைகளைத் தெருவிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மீட்ட இப் பள்ளிகளுக்கு நாம் என்றும் கடன்பட்டுள்ளோம்.

ஆயினும், பள்ளி வயது வரும்வரை குழந்தை என்ன செய்யும்? பிறந்தது முதல் ஐந்து, ஆறு வயதுவரை கடந்த காலம் வீணே போயிற்று. அதன்பின் பிள்ளை விடுதிக்குப் போயிற்று. தாய்க்குக் கற்பிப்பார் ஒருவருமில்லை. இக் குறையை நீக்கும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

அயோவா அனாதை இல்லம்

1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் அனாதை இல்லம் இருந்தது. உணவும் உடையும் உண்டு. தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. அங்கிருந்த இரண்டு பெண் குழந்தைகள் தேறமாட்டார்கள் என முடிவுசெய்து, அறிவு வளர்ச்சி குன்றிய பெண்கள் வாழ்ந்த விடுதிக்கு அனுப்பினர். சில மாதங்கள் கழித்து உளவியலார் ஹெரால்டு ஸ்கீல்ஸ் அங்கே சென்றபோது, அவ்விருவரும் சிரித்து, ஓடி விளையாடக் கண்டு வியந்தார். அவ் விடுதிப் பெண்கள் அக் குழந்தைகளை மடியில் வைத்துப் பேசியும் விளையாடியும் வளர்த்திருந்தனர்.

பின்னர் மூன்று வயது நிரம்பாத 13 குழந்தைகள் அவ்வாறே அனுப்பப்பட்டனர். அனாதை இல்லத்திலேயே தங்கிய 12 குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டு, வளர்ந்தபின் கண்ட முடிவை ஸ்கீல்ஸ் 1966இல் வெளியிட்டார். மடியில் வளர்ந்த பதின்மூவரும் பெரியவர்களாகித் தம் காலில் நின்றனர். மற்ற பன்னிருவருள் பாதிப்பேர் மூன்றாம் வகுப்பைக்கூட எட்டவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால், குழந்தையின் அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்ற எண்ணத்தை அது ஆட்டிவிட்டது. உலகம் தகுதியற்றவர் என்று ஒதுக்கிய பெண்களே அதற்கு ஆசிரியராயினர். கட்டுவோர் விலக்கிய கல் மூலைக்கல்லாவது வேதத்தில் மட்டுமன்று!

வீட்டுக்கு வந்த பள்ளி

1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரை நடுவாகக் கொண்டு ஒரு திட்டம் பிறந்தது. சுற்றிலும் கிராமங்கள், குழந்தைகள் தொலைவில் சிதறிக் கிடந்தனர். எனவே, ஆசிரியை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அவ்வாரத்திற்குரிய சிறு பயிற்சியைத் தாய்க்குக் காட்டிச் செல்வார். தாய் அதை நாள்தோறும் செய்வார். பிறப்பு முதல் ஆறு வயதுவரை குழந்தை கற்கும் 580 செயல்களின் பட்டியலும் தயாராயிற்று. இம்முறை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது.

1986இல் அமெரிக்க நாடு இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. பிறப்பு முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனித்திட்டம் எழுதவேண்டும். அது குடும்பத்தின் திட்டமாய் இருக்கவேண்டும். பெற்றோரும் உடனிருந்து எழுதவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று விதித்தது. கையேந்தி நின்ற பெற்றோர், கூடியமர்ந்து திட்டமிடுவோர் ஆயினர்.

நம் தமிழகமும் பின்தங்கவில்லை. 1969இலேயே சென்னையில் காது கேளாத மழலையருக்காகப் பால வித்யாலயா தொடங்கிற்று. அங்கே தாயும் குழந்தையோடு அமர்ந்து கற்கிறார். 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் இன்று கிராம வீடுகளுக்கே சென்று பெற்றோருக்குப் பயிற்சி தருகின்றனர். 1989இல் சென்னையில் தோன்றிய மதுரம் நாராயணன் மையம், ‘உபநயன்’ என்ற பயிற்சி முறையைப் பெற்றோர் கையில் கொடுத்தது. மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகளுக்காக பம்பாயில் மிது அலூரும், சென்னையில் பூனம் நடராஜனும் நிறுவனங்கள் கண்டனர். இருவரும் அத்தகைய குழந்தைகளைப் பெற்ற தாய்மாரே.

அரசும் 1995இலும், விரிவாக 2016இலும் உரிமைச் சட்டங்கள் இயற்றியது. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்க வழி ஏற்பட்டது.

பெற்றோர் திட்டமிட வேண்டியவை

வரலாறு படிப்பது வாழ்வதற்கே. எனவே பெற்றோருக்குச் சில சொல்வோம்.

1. காத்திருக்க வேண்டாம். “அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்” என்று பாட்டி சொல்லலாம். ஒன்பது மாதத்தில் தானே உட்காராவிட்டாலும், ஒன்றரை வயதில் நடக்காவிட்டாலும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கும் சோதனையை முதல் மாதத்திலேயே செய்யலாம்; குறை தெரிந்தால் ஆறு மாதத்திற்குள் உதவி தொடங்குவது நலம்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எப்போது தலை நின்றது, எப்போது சிரித்தது, எந்த மருத்துவர் என்ன சொன்னார் என்று தேதியிட்டு எழுதுங்கள். ஆண்டவர் கேட்ட கேள்விக்கு அதுவே உங்கள் பதில்.

3. உங்களுக்கு வேண்டியதை நீங்களே சொல்லுங்கள். “தானாகச் சாப்பிட வேண்டும்”, “தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டும்” என ஆறு மாதத்திற்கு இரண்டு மூன்று குறிக்கோள் போதும். யார், எத்தனை நாளுக்கொருமுறை பயிற்சி தருவார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. பயிற்சியை அன்றாட வேலையோடு சேருங்கள். குளிப்பாட்டும்போது கை காலின் பெயர் சொல்லலாம். சோறூட்டும்போது கேட்டுவாங்கப் பழக்கலாம். தந்தையும் மூத்த பிள்ளைகளும் பங்குகொள்ளட்டும். தாய் ஒருத்தி மட்டும் சுமந்தால் ஒடிந்துபோவாள்.

5. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, அடையாள அட்டையும் உரிய உதவிகளும் பெறுங்கள். அது பிச்சையன்று, உரிமை.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதை நாம் தடுக்கவில்லை. அன்னையிடம் செல்லுங்கள், மையத்திற்கும் செல்லுங்கள். செபம் பயிற்சிக்குத் தடையன்று, அதற்கு வலிமை. நேர்ச்சை நிறைவேறட்டும் என்று காத்திருந்து மூன்று ஆண்டுகளை இழந்தால், அவ்வாண்டுகளைக் குழந்தைக்குத் திருப்பித் தர எவராலும் இயலாது. மூத்தவளின் கல்யாணம் தடைப்படுமென்று இளையவனை மறைப்பதும் அவ்வாறே பெரும் இழப்பு.

பங்கின் கடமை

2000ஆம் ஆண்டு மாபெரும் யூபிலியின்போது, டிசம்பர் 3ஆம் நாளைத் திருச்சபை மாற்றுத்திறனாளிகளின் யூபிலியாக உரோமையில் கொண்டாடியது. நம் பொன்விழாவும் அவர்களின்றி நிறைவு பெறாது. முடக்குவாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை நினையுங்கள். அன்பியத்தார் தம் தெருவில் இருக்கும் இத்தகைய வீட்டை அறிந்து சென்று பார்க்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் மையத்திற்குப் போய்வரும் பேருந்துச் செலவை ஏற்கலாம். இளைஞர் ஒருவர் தாயோடு துணைக்குச் செல்லலாம். பூசை நேரத்தில் ஒரு குழந்தை சத்தமிட்டால், திரும்பி முறைக்காமல் இருப்பதும் பெரிய தருமமே.

நான்கு நூற்றாண்டுக்கும் மேலான இவ் வரலாறு, மடத்தில் தொடங்கி, விடுதி வழியாக நடந்து, இறுதியில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. லேவியர் நூலின் எக்காளம் சொன்னதும் இதுவே: ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாரிடம் திரும்பட்டும். பின்கட்டில் இருக்கும் குழந்தை முன்கூடத்திற்கும், அங்கிருந்து கோவிலுக்கும் வரட்டும். அவர்களுக்கென முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம்.

புனித சூசையப்பரும் அன்னை மரியாளும் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் துணைநிற்பார்களாக.

இங்ஙனம்,
உங்கள் பங்குத்தந்தை