யானை மேலிருந்து எப்போது இறங்கணும்?

ஒரு வாரமாய் வீட்டில் ஒரே பஞ்சாயத்து. பதினொன்றாவது படிக்கிற நம்ம பையனும் அபார்ட்மெண்ட்டில் இருக்கும் மூன்று மராத்திப் பையன்களும் டைட்டன்ஃபால் 2 ஆடுகிறார்கள். 2016-ல் வந்த ஆட்டம், இன்னும் விட்டபாடில்லை. ஓடி ஓடிச் சுடுவதுதான். ஆனால் நடுவில் வானத்திலிருந்து இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு இரும்பு ராட்சசன் தொப்பென்று வந்து இறங்குவான். அவன் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து சண்டை போடலாம். பெயர் டைட்டன்.

பஞ்சாயத்து எதை எடுப்பது என்பதில். லீஜன் என்றொரு குண்டன், பெரிய சுழல் துப்பாக்கி வைத்திருப்பான், அடி தாங்குவான், ஆனால் நகர மாட்டான். ரோனின் கத்தியோடு பாய்ந்து பாய்ந்து வருவான், இரண்டு அடி விழுந்தால் படுத்துவிடுவான். நம்ம ஆள் எப்போதும் லீஜன்தான். எப்போதும் தோற்கிறான். "அப்பா, வண்டி உடையப் போகுதுன்னு தெரிஞ்சும் என்னால எஜெக்ட் பண்ண முடியல" என்றான். அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பர்வதி மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். புனேயில் பொட்டி தட்ட வந்து பதினாறு வருஷம், ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன். பேஷ்வா நானாசாகிப் 1761 ஜூனில் அங்கேதான் இறந்தார். பானிபத்தில் தோற்ற செய்தி வந்து சில மாதங்களில், மனம் உடைந்து. இன்றைக்கும் இங்கே ஒரு வேலை படு தோல்வி என்றால் "பானிபத் ஆகிவிட்டது" என்பார்கள். என் மேனேஜர் ரிலீஸ் சொதப்பினால் சொல்வார் :-)

அந்தப் படையை நடத்திப் போனவர் நானாசாகிபின் சித்தப்பா மகன் சதாசிவராவ் பாவு. வயது முப்பதுதான். மராத்தியர்களின் பழைய பாணி ரோனின் பாணி: லேசான குதிரை, பாய்ந்து அடி, ஓடிவிடு. பாவு அதே 1760-ல் உத்கீரில் நிஜாமைப் பீரங்கியால் ஜெயித்தவர். அதனால் இப்ராகிம் கான் கார்தியின் பீரங்கிப் படையை நம்பி வடக்கே போனார். பெண்களும் யாத்ரீகர்களும் பின்னாலேயே. பாரத்தை விட்டுவிட்டுப் பழைய முறையில் சண்டை போடுங்கள் என்று மல்ஹார்ராவ் ஹோல்கரும் ஜாட் ராஜா சூரஜ்மலும் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை என்பார்கள். பாவுவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போன தடவை ஜெயித்த ஆயுதத்தை யார்தான் கீழே வைப்பார்கள்?

1761 ஜனவரி 14. காலையில் கார்தியின் பீரங்கிகள் நன்றாகவே வேலை செய்தன. மதியத்துக்கு மேல் நானாசாகிபின் பதினெட்டு வயது மகன் விஸ்வாஸ்ராவ் குண்டடிபட்டு இறந்தான். அதைப் பார்த்த பாவு யானையிலிருந்து இறங்கி, குதிரை ஏறி, கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். அம்பாரி காலி. தூரத்தில் நின்றவர்களுக்குத் தலைவர் செத்துவிட்டார் என்றுதான் தோன்றியது. படை சிதறியது. அப்தாலியோ பின்னால் இருந்தபடியே, கையிருப்புப் படையைத் தேவைப்பட்ட இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

"ஆட்டோ மோட்ல விட்டுட்டு இறங்கியிருக்கலாம்ல?" என்றான் பையன். டைட்டனிலிருந்து ஆள் இறங்கினாலும் அது தானாகச் சண்டை போடுமாம். அங்கேதான் விஷயம். யானை ஆயுதமாக இருந்த காலம் அப்போதே போய்விட்டது. 1526-லேயே, அதே பானிபத்தில், இப்ராகிம் லோடியின் யானைகள் பாபரின் பீரங்கிக்கு முன்னால் நிற்கவில்லை. அதன் பிறகு யானை ஒரு கொடிக்கம்பம் மாதிரி. மேலே ஆள் தெரிகிற வரை படை நிற்கும்.

சரி, இறங்காமல் இருந்தால்? 1556-ல், மறுபடியும் பானிபத், ஹேமு இறங்கவில்லை. கண்ணில் அம்பு, படை ஓட்டம். 1658-ல் சமுகட்டில் தாரா ஷிகோ இறங்கினார். அங்கேயும் ஓட்டம், ஜெயித்தது ஔரங்கசீப். இருந்தாலும் தப்பு, இறங்கினாலும் தப்பு!

நம்மூர்க் கதைக்கு வந்தேன். அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் 949-ல் முதல் பராந்தகரின் மகன் ராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டார். 'யானைமேல் துஞ்சிய' என்றே கல்வெட்டில் பெயர். அத்தோடு தொண்டை மண்டலம் ராஷ்டிரகூடர் கைக்குப் போனது. நூறு வருஷம் கழித்து, 1054 வாக்கில், கொப்பத்தில் சாளுக்கிய ஆகவமல்லனோடு சண்டை. ராஜேந்திர சோழரின் மகன் ராஜாதிராஜனும் அதே போல யானை மேலேயே இறந்தார். சோழப்படை பின்வாங்க ஆரம்பித்தது. ஆனால் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் இன்னொரு யானையில் முன்னால் வந்தார். அவருக்கும் காயம். இருந்தும் சண்டையைத் திருப்பி, அந்தக் களத்திலேயே முடிசூடிக்கொண்டார் என்கிறது அவருடைய மெய்க்கீர்த்தி. நான் சொன்ன ஐந்தாறு கதையில் யானைக்காரன் போன பிறகும் ஜெயித்தது இது ஒன்றுதான்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பானிபத்தை வரி வரியாகப் படித்தவனுக்குத் தக்கோலம் என்ற பெயரே இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. தப்பு யார் மேல் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாய் ஊருக்குப் போனால் மாமா வீடு, தி.நகர், திரும்ப ரயில்.

"கொப்பம் எங்கப்பா இருக்கு?"

அதில் அறிஞர்களுக்குள் சண்டை. கர்நாடகத்துக் கொப்பல் என்கிறவர்கள் உண்டு. கல்வெட்டு அறிஞர் ஃப்ளீட் சொன்னது வேறே: கிருஷ்ணா நதிக்கரையில், கோலாப்பூர் தாண்டி, கித்ராப்பூர். இதே மகாராஷ்டிரம். அங்கே கோபேஸ்வரர் கோயில் சுவரின் அடியில் வரிசையாக யானைகள் செதுக்கியிருக்கும்.

"கார்ல போனா ஒரே நாள்ல போய்டலாமா?" என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினான். அடுத்த லாங் வீக்கெண்டுக்கு வண்டியை சர்வீஸ் விட்டிருக்கிறேன்.