எல்.டி.சி. காட்டிய கடல்

தில்லியில் கடல் இல்லை. கிட்டத்தில் உள்ள கடலைத் தொடவும் ஓர் இரவு முழுக்க ரயிலில் போயாக வேண்டும். பஞ்சாபிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் சிம்லா, முசூரி, நைனிடால்; கையில் காசு குறைவென்றால் ஹரித்வார். ஆனால் ஆர்.கே. புரத்திலோ சரோஜினி நகரிலோ அரசுக் குடியிருப்பில் ஆயுளைக் கழித்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கன்னியாகுமரியில் கால் நனைத்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். கூடவே கோவளமும் வரும். நம் சென்னைப் பக்கத்துக் கோவளம் அல்ல, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருப்பது.

இவர்களைக் கடற்கரைக்கு அனுப்பிவைத்தது ஒரு சர்க்கார் உத்தரவு. மத்திய அரசு ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த ஊர் போய்வரப் பயணச் சலுகை உண்டு என்று 1956 அக்டோபரில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. அதுதான் எல்.டி.சி. வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வரட்டும் என்ற எண்ணம்தான்; உல்லாசப் பயணம் யார் மனதிலும் இல்லை. சலுகையின் முகம் மாறியது 1970-களில். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ‘இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும்’ போகலாம் என்ற பிரிவு வந்து சேர்ந்தது.

குமாஸ்தா மூளை உடனே கணக்குப் போட்டது. சர்க்கார் தருவது பயணக் கட்டணம் மட்டும். தங்குவதும் சாப்பிடுவதும் உள்ளூரில் சுற்றுவதும் கைக்காசு. அப்படியானால் பக்கத்தில் இருக்கும் முசூரிக்குப் போய் அந்தச் சலுகையை வீணடிப்பானேன்? எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு லாபம். தில்லியிலிருந்து தெற்கே ரயிலில் போகக்கூடிய கடைசித் தூரம் வரை போனால் அங்கே இருப்பது கடல். தில்லிக்காரரின் கடற்கரை விடுமுறைக்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் தேட மாட்டேன்.

நாடும் அதற்குத் தோதாக அமைந்தது. விவேகானந்தர் பாறை நினைவகம் 1970-இல் திறக்கப்பட்டது. 1979-இல் கன்னியாகுமரி வரை ரயில் பாதை போடப்பட்டது. தில்லியிலிருந்து திருவனந்தபுரம் வரை மூவாயிரம் கிலோமீட்டர். நாக்பூர், வாரங்கல், விஜயவாடா என்று இரண்டு நாளுக்கு மேல் ஓடும் வண்டி. கிளம்புமுன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தமிழ்க் குடும்பத்தின் கதவைத் தட்டுவார்கள். “மாமி, அங்கே சப்பாத்தி கிடைக்குமா?” தமிழர்களுக்கோ எல்.டி.சி. என்றால் தஞ்சாவூரோ திருநெல்வேலியோதான். பத்மநாபபுரம் அரண்மனையை மல்ஹோத்ரா வீட்டார் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் பல மாமிகளுக்கே தெரியும்.

இந்த உத்தரவு ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருக்க, இன்னொரு கோப்பும் தில்லியில் நகர்ந்துகொண்டிருந்தது. 1966 அக்டோபரில் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம், ஐ.டி.டி.சி., பிறந்தது. அதற்குக் கடற்கரை என்றால் டாலர். அடுத்த ஆண்டு சுற்றுலா அமைச்சராக வந்தார் கரண் சிங், காஷ்மீர் மன்னர் குடும்பத்துப் பிள்ளை. கோவளத்தில் உல்லாச விடுதி கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவிடம் போனது. குன்றின்மேல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1932-இல் கட்டிய ஹால்சியன் மாளிகை ஏற்கெனவே அரசின் கைக்கு வந்திருந்தது. கொரியா குன்றின் தலையில் கோபுரம் எழுப்பவில்லை. சரிவையே படிப்படியாக வெட்டி அதில் அறைகளைப் பதித்தார். ஒரு வரிசையின் கூரைக்கு மேலே அடுத்த வரிசைக்காரர் வெயில் காய முற்றம். கீழே மணலில் நிற்பவருக்குப் பெரிய கட்டடம் ஒன்று இருப்பதாகவே தோன்றாது. 1974 வாக்கில் வேலை முடிந்தது. அரசாங்கம் கட்டியவற்றில் இவ்வளவு அடக்கமானது குறைவு என்பது என் கட்சி.

எல்.டி.சி.யில் வந்த குடும்பத்துக்கு அந்த அறை எட்டாக் கனி. அவர்கள் ஏதாவது லாட்ஜில் மூட்டையை இறக்கிவிட்டு, 1972 முதல் எரியும் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தடியில், பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அலையில் நின்றார்கள். பக்கத்து விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்ததும், இன்னும் தெற்கே குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்றதும் அவர்களுடைய ரயில்வே கால அட்டவணையில் இல்லை.

கடற்கரையில் ஹோட்டல் கட்டிய தில்லியே பிறகு கடற்கரைக்குக் கோடும் போட்டது. உயர் அலை எட்டும் இடத்திலிருந்து 500 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்று இந்திரா காந்தி 1981 நவம்பரில் கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். பத்து ஆண்டு கழித்து, 1991 பிப்ரவரியில், அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாகச் சட்ட வடிவம் பெற்றது. பிற்பாடு வந்த திருத்தங்கள் கோட்டை எங்கெங்கே தேய்த்தன என்பது தனிக் கதை. கொரியாவின் கோவளம் இந்தக் கோட்டுக்கு முந்தியது.

ஹோட்டல் நடத்துவது சர்க்கார் வேலையல்ல என்று அடுத்து ஒரு ஞானம் பிறந்தது. 2002-இல் கொரியா கட்டிய அந்த விடுதி, கோவளம் அசோக், தனியார் கைக்குப் போனது. மாமல்லபுரத்தில் ஐ.டி.டி.சி. நடத்திவந்த டெம்பிள் பே விடுதியும் அதே அலையில் விற்கப்பட்டது.

எல்.டி.சி. மட்டும் போகவில்லை. விமானத்தில் போகும் தகுதி இல்லாத ஊழியரும் விமானத்திலேயே அந்தமான் போகலாம் என்று 2014-இல் தளர்த்தினார்கள். சொந்த ஊர்ச் சலுகையை விட்டுக்கொடுத்துவிட்டும் போகலாம். விளைவு, இன்று தில்லி அலுவலகங்களில் செல்லுலார் சிறையையும் ராதாநகர் கடற்கரையையும் பார்க்காத பிரிவு அதிகாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போர்டிங் பாஸைத் தொலைத்தால் பில் பாஸாகாது என்பதால் அதைக் கல்யாணப் பத்திரிகையைவிடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். டிக்கெட்டைக் கண்ட இடத்தில் வாங்கவும் முடியாது. அரசு அங்கீகரித்த சில முகவர்களிடம்தான் எடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்று அசோக் டிராவல்ஸ், கடற்கரை விடுதிகளை விற்றுவிட்ட அதே ஐ.டி.டி.சி.யின் பிரிவு.