பெஞ்சு

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் தம்பி மகன் போன வாரம் போனில் சொன்னான்: "பெரியப்பா, ஆலத்தியூர்ல நம்ம கடலைக்காடு இருந்த இடத்துல இப்ப மூணாவது பெஞ்சு ஓடுது."

எனக்குப் பெஞ்சு என்றால் பள்ளிக்கூடம்தான். வாய்ப்பாடு ஒப்பிக்காமல் அதன் மேல் ஏறி நின்றவன் நான். சுரங்கத்தில் பெஞ்சு என்றால் படியாம். கிணறு மாதிரி நேராக வெட்டினால் சரிந்துவிடும் என்பதால் படிப்படியாக இறக்குகிறார்கள். இளகின மண்ணில் படியின் உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது 1961-ஆம் வருஷத்து விதி. கீழே நிற்பவன் உயிர் அந்த அகலத்தில்தான் இருக்கிறது.

இங்கிலீஷ்காரனுக்கு முன்பே இந்தப் பலகை போர்ச்சுகீசியரோடு நம்மிடம் வந்துவிட்டது. அவர்களுடைய 'பாங்கோ'தான் யாழ்ப்பாணத்தில் இன்றும் 'வாங்கு'. (கடையில் வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் போட்டிருந்த பலகையும் இதே சொல்தான், அதிலிருந்து வந்தது பேங்க். காட்டை விற்ற பணத்தை அப்பா அங்கேதான் போட்டார்.

கோர்ட்டில் நீதிபதி உட்கார்ந்த பலகை, போகப்போக நீதிபதிகளையே குறித்தது. வெள்ளைக்காரன் காலத்துப் 'பெஞ்சு கோர்ட்டு' என்ற பேச்சை என் வயதுக்காரர்கள் பெரியவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். கௌரவ மாஜிஸ்டிரேட்டுகள் சேர்ந்து உட்கார்ந்து சில்லறைக் குற்றங்களை விசாரிப்பார்கள். 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. உட்கார்ந்தவர்கள் ஊரில் செல்வாக்குள்ளவர்கள். எதிரே நின்றவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்துக்கு மதுரையில் ஒரு பெஞ்சு வந்தது. திருச்சி ஜில்லா அதன் கீழே போயிற்று. 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், பிறகு அதிலிருந்து பிரிந்த அரியலூரும் சென்னையோடேயே நின்றுவிட்டன. தாய் தெற்கே, பிள்ளைகள் வடக்கே! நிலத் தகராறு என்று மேல்முறையீட்டுக்குக் கிளம்பினால் நாம் இன்றும் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

போனை வைக்கும் முன் தம்பி மகனிடம் கேட்டேன், "வரப்போரம் ஒரு வேம்பு நின்னுச்சே?"

"அது முதல் பெஞ்சு வெட்டறப்பவே போயிடுச்சு பெரியப்பா."